ஒரு கவுன்சிலுக்கு எத்தனை தலை, தெரியுமா?

ஐந்து லட்சம் என்ற ஒற்றை எண், இங்கிலாந்தில் 185 கவுன்சில்களின் தலையெழுத்தை மாற்றப்போகிறது, தெரியுமா?

2024 டிசம்பர் 16 அன்று பிரிட்டன் அரசு ஒரு வெள்ளை அறிக்கை வெளியிட்டது. இனி உருவாகும் புதிய உள்ளாட்சிகளில் பொதுவாக 5 லட்சம் பேரோ அதற்கு மேலோ இருக்க வேண்டும் என்று அதில் ஒரு வரி. அடுத்த பிப்ரவரி 5 அன்று 21 கவுண்டிப் பகுதிகளுக்குக் கடிதம் பறந்தது. இருப்பதைக் கலைத்துவிட்டுப் புதிதாகச் சேர்த்துக்கட்ட யோசனை சொல்லுங்கள்! யாருக்குப் போன கடிதம் தெரியுமா? கலைக்கப்படப் போகிற கவுன்சில்களுக்கே. கோழியைக் கூப்பிட்டு, ‘உன்னைக் குழம்பு வைக்கவா, வறுக்கவா?’ என்று கேட்ட மாதிரி. இந்தக் களேபரத்தில் 2025 மே மாதம் நடக்கவேண்டிய உள்ளாட்சித் தேர்தல் ஒன்பது இடங்களில் தள்ளிப்போனது தனிக்கதை.

எதற்கு இந்தக் கலைப்பு? அங்கே பல ஊர்களில் இரட்டை அடுக்கு. மேலே கவுண்டி, கீழே டிஸ்டிரிக்ட். (டிஸ்டிரிக்ட் என்றதும் கலெக்டர் ஆபீஸ் உள்ள நம் மாவட்டத்தை நினைத்துவிடாதீர்கள். அங்கே அது கவுண்டிக்குள் அடங்கிய சின்ன வட்டம்.) வாசலில் வைத்த குப்பைத்தொட்டியைக் காலி செய்வது டிஸ்டிரிக்ட். அந்தக் குப்பையை எரிப்பதா, புதைப்பதா என்று பார்ப்பது கவுண்டி! தெருவைக் கூட்டுவது கீழே இருப்பவர் வேலை. கூட்டின தெருவில் பள்ளம் விழுந்தால் மேலே இருப்பவரிடம் போகவேண்டும். இரண்டையும் ஒன்றாக்கி ‘யூனிட்டரி’ என்ற ஒரே கவுன்சில் ஆக்கிவிட்டால் என்ன? கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் எவ்வளவு பெரிய ஒன்று? அங்கேதான் வந்தது அந்த ஐந்து லட்சம்.

சரி, இன்றைக்கு அந்த அளவுக்கு யார் இருக்கிறார்கள்?

லண்டனில் 32 பரோ கவுன்சில்கள். 2021 கணக்கெடுப்பில் ஒன்றுகூட ஐந்து லட்சத்தைத் தொடவில்லை! ஆகப் பெரிய குரோய்டனிலேயே 3,90,800 பேர்தான். பிரிஸ்டல் மாநகரம்? 4,72,400. பீட்டில்ஸ் பிறந்த லிவர்பூல்? 4,86,100. லிவர்பூல் இந்தப் பரீட்சையை எழுதியிருந்தால் 13,900 மார்க்கில் ஃபெயில்! ஏற்கெனவே ஒற்றை அடுக்காக ஓடிக்கொண்டிருக்கும் 62 யூனிட்டரிகளில் அந்தக் கணக்கெடுப்பின்படி ஐந்து லட்சம் தாண்டியவை ஆறே ஆறு. கார்ன்வால், டர்ஹம், வில்ட்ஷயர், பக்கிங்ஹாம்ஷயர், நார்த் யார்க்ஷயர், சாமர்செட். அவ்வளவுதான். லண்டனுக்கும் லிவர்பூலுக்கும் இந்தக் கடிதம் போகவில்லை என்பது அவர்கள் அதிர்ஷ்டம்.

அப்படியானால் எண் எங்கிருந்து குதித்தது? 2025 ஆகஸ்டில் பிபிசி ஒரு செய்தி வெளியிட்டது. இணைப்பால் எவ்வளவு மிச்சமாகும் என்று அரசு தன் பங்குக்கு எந்த ஆய்வும் செய்யவில்லையாம். 2020இல் வந்த ஓர் அறிக்கையைத்தான் நம்பியதாம். யார் கேட்டு வாங்கிய அறிக்கை? கவுண்டி கவுன்சில்களின் கூட்டமைப்பு, பிடபிள்யூசி நிறுவனத்திடம் கேட்டு வாங்கியது. கவுண்டிக்கு ஒரே கவுன்சில் என்று ஆக்கினால் ஐந்து ஆண்டில் 290 கோடி பவுண்டு மிச்சம் என்றது அது. பெரியதாக்கு என்று கேட்பவர் பெரியவர். பெண் எப்படி என்று பெண்ணின் அத்தையிடமே விசாரித்த கதை! 2025இல் அதே கணக்கைப் புதுப்பித்தபோது இன்னொரு விஷயமும் தெரிந்தது. கொஞ்சம் சின்னச் சின்னதாகப் பிரித்தாலே மிச்சம் மறைந்துபோய்க் கூடுதல் செலவுகூட வரலாம். டிஸ்டிரிக்ட் கவுன்சில்களின் சங்கம் சும்மா இருக்குமா? பெருத்தால் மலிவு என்பதற்கு ஆதாரம் எங்கே என்று அது எதிர்க்கொடி பிடித்தது. கடைசியில், ஐந்து லட்சம் ஒரு வழிகாட்டிதான், கறாரான இலக்கு அல்ல என்று அமைச்சரே இறங்கிவந்தார்.

இந்த எண் பிறந்த கதை இன்றைக்கு நேற்றைக்கு உள்ளதல்ல. 1966இல் ஒரு ராயல் கமிஷன் போட்டார்கள். தலைவர் ரெட்கிளிஃப்-மாட் பிரபு. மூன்று வருடம் உட்கார்ந்தார்கள். லண்டனுக்கு வெளியே அப்போது இருந்தவை 1,200க்கும் மேற்பட்ட கவுன்சில்கள். அவற்றையெல்லாம் தூக்கிவிட்டு 58 யூனிட்டரிகளும் மூன்று பெருநகரப் பகுதிகளும் போதும் என்றார்கள். ஒரு கவுன்சிலுக்குக் குறைந்தது இரண்டரை லட்சம், அதிகம் போனால் பத்து லட்சம். இப்போது வியப்பைக் கேளுங்கள். அந்தக் கமிஷனே வெளி ஆய்வாளர்களை வைத்து, கவுன்சில் பெரிதானால் வேலை நன்றாக நடக்கிறதா என்று புள்ளிவிவரம் தேடியது. வந்த விடை: அளவுக்கும் திறமைக்கும் பெரிய தொடர்பு இருப்பதாக நிரூபிக்க முடியவில்லை! அதையும் அச்சிட்டார்கள். கூடவே இரண்டரை லட்சத்தையும் அச்சிட்டார்கள்!

அந்தக் கமிஷனில் ஒரே ஒருவர் மட்டும் அடியோடு மறுத்தார். டெரெக் சீனியர். தொழில் என்ன தெரியுமா? பத்திரிகையாளர். (நம் சாதிக்காரர் என்று சொல்லிக்கொள்வதில் ஒரு சின்னப் பெருமை.) மறுப்புக் குறிப்பு என்றால் இரண்டு பக்கம் இருக்கும் என்று நினைப்போம். மனிதர் எழுதியது அறிக்கையின் இரண்டாம் தொகுதி முழுக்க! 35 பெரிய வட்டாரங்கள், அவற்றுக்குக் கீழே 148 டிஸ்டிரிக்டுகள் என்று தனி வரைபடமே போட்டுக் கொடுத்துவிட்டார். ஜனங்கள் எங்கே வேலைக்குப் போகிறார்கள், எந்த ஊரைச் சுற்றி நடமாடுகிறார்கள் என்று பார்த்துக் கோடு போடு, தலையை எண்ணிப் போடாதே என்பது அவர் வாதம்.

கிராமப்புற கவுன்சில்காரர்களோ வேறு வழியில் போனார்கள். ஒரு கார்ட்டூன் ஆசாமியைப் பெற்றெடுத்தார்கள். பெயர் ஆர். ஈ. மோட். சேர்த்துச் சொல்லிப் பாருங்கள், ‘ரிமோட்’! எங்கோ தொலைவில் உட்கார்ந்து உங்களை ஆளப்போகிறவர். ஆர். ஈ. மோட்டுக்கு ஓட்டுப் போடாதீர்கள் என்று நாடு முழுக்கப் பிரசாரம்! 1970 ஜூனில் ஆட்சியே மாறியது, திட்டம் பரணுக்குப் போனது. அடுத்து வந்த அரசு இரட்டை அடுக்கை வைத்துக்கொண்டு 1974 ஏப்ரல் 1 முதல் புது வரைபடம் போட்டது. கீழடுக்கு டிஸ்டிரிக்டுகளுக்கு அப்போது சொன்ன அளவு 75,000 முதல் ஒரு லட்சம். அன்றைக்கு அளவெடுத்துத் தைத்த அந்தச் சட்டையைத்தான் இன்றைக்கு, ‘ரொம்பச் சின்னது’ என்று கழற்றுகிறார்கள்.

நடுவிலும் எண்கள் ஆடிக்கொண்டேதான் இருந்தன. 2020இல் கம்ப்ரியா, நார்த் யார்க்ஷயர், சாமர்செட் மூன்றுக்கும் கடிதம் போனபோது சொன்ன அளவு மூன்று லட்சம் முதல் ஆறு லட்சம். கம்ப்ரியாவை எப்படிப் பிரித்தார்கள் தெரியுமா? கம்பர்லாந்து ஒன்று, வெஸ்ட்மார்லாந்து-ஃபர்னஸ் ஒன்று. முன்னதில் சுமார் 2,75,000 பேர், பின்னதில் சுமார் 2,26,000. இரண்டுமே மூன்று லட்சத்துக்குக் கீழே! நான்கு ஆண்டு கழித்து அதே நாட்டில் எண் ஐந்து லட்சம். இடையில் மனிதர்கள் பெருத்துவிடவில்லை.

லண்டனில் இருக்கும் நம் ஆட்களுக்கு ஒரு துணுக்கு. ஈழத்தமிழர் நிறையப் பேர் வாழும் ஹாரோ இருக்கிறதே, லண்டனின் 32 பரோக்களில் பழைய எல்லை மாறாமல் தனியாகவே பரோ ஆனது அது ஒன்றுதான்! 1960இல் ஹெர்பர்ட் கமிஷன் 52 பரோக்கள் போதும் என்றது. ஒவ்வொன்றிலும் ஒரு லட்சம் முதல் இரண்டரை லட்சம் பேர். அரசு அதை ஏற்காமல், குறைந்தது இரண்டு லட்சம் வேண்டும் என்று 32ஆகச் சுருக்கியது. மற்ற ஊர்கள் எல்லாம் பக்கத்து ஊரோடு தாலி கட்டிக்கொள்ள வேண்டியதாயிற்று. ஹாரோவில் மட்டும் அப்போதே இரண்டு லட்சத்துக்கு மேல் இருந்ததால் 1965இல் அப்படியே உள்ளே நுழைந்துவிட்டது. பிரம்மச்சாரி பரோ!

பள்ளிக்கூடத்தை வைத்து ஊரை அளந்த கதை தெரியுமா?

எனக்கு இந்த விஷயத்திலேயே ரொம்பப் பிடித்த பகுதி இதுதான். ஜப்பானில் 1888இல் 71,314 ஊர்கள் இருந்தன. அடுத்த ஆண்டே 15,859! ஒரே மூச்சில் ஐம்பத்தையாயிரம் ஊர் நிர்வாகங்கள் மாயம். எந்த அளவுகோல்? ஓர் ஊருக்கு 300 முதல் 500 வீடு. ஏன் அந்த எண்ணிக்கை? ஒரு தொடக்கப் பள்ளியை நடத்த அவ்வளவு வீடு வேண்டும். அவ்வளவுதான் காரணம்!

இரண்டாம் உலகப் போர் முடிந்தது, கட்டாயக் கல்வி நடுநிலைப் பள்ளிவரை நீண்டது. பள்ளி பெரிதானால் ஊரும் பெரிதாக வேண்டுமே? 1953இல் புதுச் சட்டம். ஓர் ஊருக்குக் குறைந்தது 8,000 பேர். ஒரு நடுநிலைப் பள்ளியைத் தாங்குகிற அளவு! 9,868 ஊராட்சிகள் 1961க்குள் 3,472 ஆயின.

இப்போது அங்கிருந்து பூமியின் மறுபக்கம் வாருங்கள். சுவீடன். 1962இல் அங்கேயும் ஊர்களைச் சேர்க்கத் தீர்மானித்தார்கள். அங்கேயும் ஒன்பது ஆண்டுக் கட்டாயப் பள்ளி வந்திருந்தது. அங்கேயும் கணக்குப் போட்டார்கள். வந்த எண்? 8,000! அதே எட்டாயிரம்! இரண்டு கண்டங்கள், இரண்டு மொழிகள், ஒரே விடை. 1952க்கு முன் சுமார் 2,500 ஊராட்சிகள் இருந்த சுவீடனில் 1974இல் மிஞ்சியவை 278. (அப்புறம் சில பிரிந்துபோய் இப்போது 290.)

இதைப் படித்தபிறகு எனக்கு இங்கிலாந்தின் சண்டை வேறு மாதிரி தெரிய ஆரம்பித்தது. ஜப்பான்காரன் எண்ணைச் சொன்னபோது கூடவே வேலையையும் சொன்னான்: இது பள்ளிக்கூடத்துக்கு. ஐந்து லட்சம் எதற்கு? நேராகச் சொன்னால், விசேஷக் கவனிப்பு தேவைப்படும் குழந்தைகளுக்கும் தள்ளாத முதியோருக்கும். இங்கிலாந்தில் இந்தப் பொறுப்பு உள்ளாட்சியின் தலையில்தான். செலவு எந்த வருடம் எகிறும் என்று யாருக்கும் தெரியாது. நாற்பதாயிரம் பேர் உள்ள ஊரில் நாலைந்து குழந்தைகளுக்குத் திடீரென்று விலை கூடிய பராமரிப்பு தேவைப்பட்டால் பட்ஜெட்டே ஆடிப்போகும். ஐந்து லட்சத்தில் அது கரைந்துவிடும். நியாயமான வாதம்தான். ஆனால் அதே கவுன்சில்தான் குப்பை எடுக்கிறது, பூங்காவில் புல் வெட்டுகிறது. குப்பைக்கு எதற்கு ஐந்து லட்சம்? ஒரு வேலைக்குத் தைத்த எண்ணை எல்லா வேலைக்கும் போட்டுவிடுவதில்தான் சிக்கல் என்று எனக்குத் தோன்றுகிறது.

இதற்கெல்லாம் ஆதி ஆசாமி யார் என்றால், பிளேட்டோ! ‘சட்டங்கள்’ நூலில் லட்சிய ஊருக்கு அவர் சொன்ன எண் 5,040 குடும்பத் தலைவர்கள். சுற்றி வளைக்காமல் ஐயாயிரம் என்று சொல்லியிருக்கலாமே? மாட்டார். 5,040ஐ ஒன்று முதல் பத்து வரை எந்த எண்ணாலும் மீதியில்லாமல் வகுக்கலாம், பன்னிரண்டாலும் வகுக்கலாம். நிலம் பங்கு போட, வரி பிரிக்க, படை திரட்ட வசதி! மொத்தம் 59 வகுஎண்கள், அதையே சேர்த்தால் 60. அவருடைய சீடர் அரிஸ்டாட்டில் சும்மா விட்டாரா? இத்தனை பேர் உட்கார்ந்து சாப்பிட பாபிலோன் அளவுக்கு நிலம் வேண்டுமே என்று குருவையே வாரிவிட்டார்.

நம் காலத்துக்கு வந்தால், 1967இல் அமெரிக்க அறிஞர் ராபர்ட் டால் ஜனநாயகத்துக்கு ஏற்ற நகரம் ஐம்பதாயிரத்திலிருந்து சுமார் இரண்டு லட்சத்துக்குள் இருக்கலாம் என்றார். 1973இல் அளவும் ஜனநாயகமும் பற்றி இன்னொருவரோடு சேர்ந்து புத்தகமே எழுதினார். அந்த இன்னொருவர் யார் தெரியுமா? எட்வர்ட் டஃப்டி! வரைபடங்களை எப்படிப் போடவேண்டும் என்று பிற்பாடு உலகத்துக்கே பாடம் நடத்தியவர்.

பெரிதானால் மிச்சமா, இல்லையா? சும்மா வாய்ச்சண்டை வேண்டாம், சோதித்துப் பார்த்த நாடு ஒன்று இருக்கிறது. டென்மார்க். 2007 ஜனவரி 1 அன்று 271 நகராட்சிகள் ஒரே இரவில் 98 ஆயின. குறைந்தபட்ச அளவு 20,000, விரும்பிய அளவு 30,000. சிலது சேர்ந்தன, சிலது சேரவில்லை. ஆய்வாளர்களுக்குக் கொண்டாட்டம்! மருந்து கொடுத்த நோயாளியும் கொடுக்காத நோயாளியும் பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில். 2016இல் வெளிவந்த ஓர் ஆய்வு சொன்னது: நிர்வாகம் மாதிரி சில இடங்களில் செலவு குறைந்தது, வேறு சில இடங்களில் கூடியது, மொத்தத்தில் தராசு நேராக நின்றது. அதற்கு முன்னால் 2011இல் வந்த இன்னோர் ஆய்வு இன்னும் சுருக்கென்று தைத்தது. சேர்த்துவைக்கப்பட்ட ஊர்களில், உள்ளூர் அரசியல் எனக்குப் புரிகிறது, அதில் என்னால் பங்கெடுக்க முடியும் என்ற மக்களின் நம்பிக்கை இறங்கிவிட்டதாம். மிச்சம் வரவில்லை, நெருக்கமும் போனது.

இங்கிலாந்தில் திவாலான கவுன்சில்களின் பட்டியலைப் பார்த்தால் இன்னும் வேடிக்கை. (சட்டப்படி அங்கே கவுன்சில் திவாலாக முடியாது. கஜானா காலி, புதுச் செலவு கூடாது என்று 114ஆம் பிரிவில் அறிவிப்பு மட்டும் கொடுப்பார்கள். அதற்கு நம் பாஷையில் திவால் என்றுதான் பெயர்.) வோகிங்: ஒரு லட்சத்துச் சொச்சம் பேர். 2023 ஜூனில் அறிவிப்பு. கட்டடங்களும் ஹோட்டலும் கட்டி வளர்த்த கடன். எதிர்பார்த்த பற்றாக்குறை 120 கோடி பவுண்டு, கையில் வரும் அடிப்படை நிதி 1.6 கோடி பவுண்டு! சின்னது, அதனால் விழுந்தது என்கிறீர்களா? மூன்றே மாதத்தில், செப்டம்பர் 5 அன்று அறிவிப்புக் கொடுத்தது யார் தெரியுமா? பர்மிங்ஹாம்! 11,44,900 பேர், ஒற்றை அடுக்கு கவுன்சில்களில் நாட்டிலேயே பெரியது! ஆண்-பெண் சம ஊதியப் பாக்கியும் சொதப்பிய ஒரு கணினித் திட்டமும் சேர்ந்து கவிழ்த்தன. நடுவில் குரோய்டன், ஸ்லோ, தரக் என்று எல்லா சைஸிலும் ஆள் உண்டு.

நார்தாம்ப்டன்ஷயர் கதையைத் தனியாகச் சொல்ல வேண்டும். சுமார் ஏழரை லட்சம் பேர் உள்ள கவுண்டி. 2017 அக்டோபரில் 5.3 கோடி பவுண்டில் பளபளவென்று புதுத் தலைமையகம் திறந்தார்கள். 2018 பிப்ரவரியில் திவால் அறிவிப்பு! திறந்த சூடு ஆறுவதற்குள் அந்தக் கட்டடத்தையே விற்று அதிலேயே வாடகைக்கு உட்கார்ந்தார்கள். பிறகு அந்தக் கவுண்டியை 2021இல் கலைத்து இரண்டாகப் பிரித்தார்கள். இரண்டிலுமே ஐந்து லட்சம் பேர் இல்லை.

அங்கே இன்னொரு விநோதமும் நடந்தது. அடுக்கைக் குறைக்கிறேன் என்று ஒன்றாக்கினால் கீழே புதிதாக ஓர் அடுக்கு முளைக்கிறது! கவுண்டியும் பரோவும் போனபிறகு நார்தாம்ப்டன் நகரத்துக்கென்று யாரும் இல்லையே என்று ஒரு ‘டவுன் கவுன்சில்’ அமைத்தார்கள். சட்டப்படி அது கிராமத்து ‘பாரிஷ் கவுன்சில்’ வகை. ஒரு லட்சத்துக்கும் மேல் ஜனத்தொகை கொண்ட பாரிஷ்! மேலேயும் அப்படித்தான். அதே 2024 வெள்ளை அறிக்கை, பல கவுன்சில்களுக்கு மேலாக மேயர் தலைமையில் ஒரு பெரிய அமைப்பு வேண்டும், அதற்குப் பொதுவாக 15 லட்சம் பேர் என்றும் சொல்கிறது. ஆக இரண்டு அடுக்கு ஒன்றாகி, ஒன்று மூன்றாகிவிடும் போலிருக்கிறது.

சேர்த்துவைத்த ஊர்கள் விவாகரத்து கேட்ட கதைகளும் உண்டு. 2002இல் மாண்ட்ரியல் தீவில் இருந்த 28 நகராட்சிகளையும் ஒரே நகரமாக்கினார்கள். 2004இல் வாக்கெடுப்பு. 2006இல் 15 ஊர்கள் பிரிந்துபோயின! ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் 2008இல் நூற்றைம்பதுக்கு மேற்பட்ட கவுன்சில்களைச் சேர்த்து ஏறக்குறைய பாதியாக்கினார்கள். நூசா என்ற கடற்கரை ஊர் ஐந்து வருடம் பொருமிக்கொண்டே இருந்தது. பிரிய வேண்டுமானால் பிரிவதற்கான செலவு உங்கள் தலையில்தான் என்று முன்கூட்டியே சொல்லித்தான் 2013 மார்ச்சில் ஓட்டெடுப்பு வைத்தார்கள். 81 சதவீதம் பேர், ‘செலவு ஆனால் ஆகட்டும்!’ என்று குத்தினார்கள். 2014 ஜனவரி 1 முதல் நூசா தனிக்குடித்தனம்.

சேரவே மாட்டேன் என்று அறிவித்த ஊர் தெரியுமா? ஜப்பானின் ஃபுகுஷிமாவில் யமட்சுரி. அப்போது ஏழாயிரம் பேர் இருந்த சின்ன ஊர். 1999இல் மூன்றாவது இணைப்பு அலை கிளம்பி 3,232 நகராட்சிகள் பத்தாண்டில் சுமார் 1,730 ஆகிக்கொண்டிருந்த நேரம். 2001 அக்டோபரில் யமட்சுரி ஊர்மன்றம் தீர்மானம் போட்டது: நாங்கள் யாரோடும் சேர்வதில்லை! சவால் விட்டால் போதுமா, வாழ்ந்து காட்ட வேண்டாமா? ஊர் அலுவலகத்தை வருடம் முழுக்க, விடுமுறையிலும் திறந்துவைத்தார்கள். ஊழியர்களின் வீடுகளையே கிளை அலுவலகம் ஆக்கினார்கள். பக்கத்து வீட்டு ஊழியரிடம் போய் வரி கட்டிவிட்டு வரலாம்! ஊர்மன்ற உறுப்பினர்களுக்கு மாதச் சம்பளத்தை நிறுத்திவிட்டு, வந்து உட்கார்ந்த நாளுக்கு மட்டும் படி. நூலகம் வேண்டும், புத்தகம் வாங்கக் காசில்லை. நாடு முழுக்கக் கேட்டார்கள். நான்கு லட்சத்துக்கும் மேல் புத்தகங்கள் வந்து குவிந்தன! அந்த நூலகத்துக்கு வைத்த பெயர், ‘வீணாக்கலாமா’ என்ற பொருள் வரும் ‘மொத்தைனாய்’.

ஜப்பானை விட்டுக் கிளம்பும் முன் இன்னொன்று. இருநூறு பேர்கூட இல்லாத அஓகஷிமா என்ற எரிமலைத் தீவுக் கிராமம் எந்த மாகாணத்தில் இருக்கிறது? டோக்கியோவில்! தலைநகரிலிருந்து முந்நூறு கிலோமீட்டருக்கு அப்பால் நடுக்கடலில் இருந்தாலும் கணக்குப்படி டோக்கியோதான்.

சின்னதில் சின்னது வேண்டுமானால் பிரான்சுக்குத்தான் போகவேண்டும். அங்கே கிட்டத்தட்ட 35,000 கொம்யூன்கள். பாதிக்கும் மேற்பட்டவற்றில் ஐந்நூறு பேர்கூட இல்லை. ரோஷ்ஃபூர்ஷா என்ற ஊரில் பல ஆண்டுகளாகக் கணக்கெடுப்பில் வருவது ஒரே ஒரு ஆள்! அதற்கும் கீழே போக முடியுமா? முடியும். வெர்தன் பக்கம் ஆறு கிராமங்களில் ஜனத்தொகை பூஜ்யம். 1916 போரில் குண்டு விழுந்து தரைமட்டமானவை. மண்ணில் இன்னும் வெடிக்காத குண்டுகள், யாரும் குடியேறவில்லை. ஆனால் ஊர்ப் பெயரை அழிக்க நாட்டுக்கு மனசு வரவில்லை. இன்றைக்கும் ஒவ்வொன்றுக்கும் மேயர் அதிகாரத்தோடு ஒருவரை அரசு நியமிக்கிறது.

இங்கிலாந்திலேயே சில்லித் தீவுகளில் 2,100 பேர். அந்த கவுன்சில் தனக்கென்று விமான நிலையமும் தீயணைப்புப் படையும் வைத்திருக்கிறது. சிட்டி ஆஃப் லண்டன் என்ற அந்தச் சதுர மைலில் குடியிருப்போர் 8,600 பேர். அவர்களுக்கு 125 பிரதிநிதிகள்! (அங்கே நிறுவனங்களுக்கும் ஓட்டு உண்டு, அது வேறு உலகம்.) பர்மிங்ஹாமில் 101 கவுன்சிலர்கள், ஆளுக்குச் சுமார் 11,300 பேர்.

ரோசெஸ்டருக்கு நடந்ததைச் சொல்லாமல் விட முடியாது. 1211 முதல் நகர அந்தஸ்து கொண்டாடிய ஊர். 1998இல் பக்கத்து ஊரோடு சேர்த்து மெட்வே என்ற யூனிட்டரி ஆக்கினார்கள். பழைய கவுன்சில் கலையும்போது அந்த அந்தஸ்தைக் காப்பாற்றச் சில அறங்காவலர்களை நியமித்திருக்க வேண்டும். நியமிக்கவில்லை. அவ்வளவுதான், அந்தஸ்து ஆவியாகிவிட்டது! ஊர்க்காரர்களுக்குத் தெரிந்தது எப்போது? 2002இல். நான்கு வருடம் தாங்கள் ‘சிட்டி’ இல்லை என்பதே தெரியாமல் சிட்டியாக வாழ்ந்திருக்கிறார்கள்.

இப்போதைய கடிதத்துக்கு முதலில் விடை கிடைத்தது சர்ரே கவுண்டிக்கு. 12 லட்சம் பேர், 12 கவுன்சில்கள். கவுண்டியும் இரண்டு டிஸ்டிரிக்டுகளும் இரண்டாகப் பிரி என்றன. மற்ற ஒன்பதும் மூன்றாகப் பிரி என்றன. 2025 அக்டோபரில் அரசு தேர்ந்தெடுத்தது இரண்டை: கிழக்கு சர்ரே, மேற்கு சர்ரே. இரண்டுமே ஐந்து லட்சத்தைத் தாண்டும். வோகிங்கும் அந்தக் கடனோடு மேற்கில் போய்ச் சேர்கிறது. அதில் 50 கோடி பவுண்டை அரசே அடைக்கிறேன் என்று சொல்லித்தான் பேச்சு முடிந்தது. 2027 ஏப்ரல் முதல் புது கவுன்சில்கள். வைட் தீவு கவுன்சிலோ, நடுவில் கடல் இருக்கிறது ஐயா, எங்களைத் தனியே விடுங்கள் என்றது. அங்கே 1,40,000 பேர்.

மிச்சம் இருப்பது ரட்லாந்து. இங்கிலாந்தின் குட்டிக் கவுண்டி. 1974இல் சின்னது என்று சொல்லி லெஸ்டர்ஷயருக்குள் போட்டுவிட்டார்கள். 23 வருடம் விடாமல் முனகி 1997 ஏப்ரல் 1 அன்று தனியாக வெளியே வந்தது. அதன் சின்னத்தில் இருக்கும் லத்தீன் வாசகத்துக்குச் ‘சின்னதுக்குள் நிறைய’ என்று அர்த்தம். ஜனத்தொகை 41,000. 2025 பிப்ரவரிக் கடிதம் அந்த ஊருக்கும் போய்ச் சேர்ந்தது. இன்னும் 4,59,000 பேர் தேவை.